வெருகல் வரை

(துவிச்சக்கர வண்டிச் சுற்றுலாவில் ஒரு நாளைப் பற்றி எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டுத் திருகோணமலை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் வரை நாங்கள் ஐவர் துவிச்சக்கர வண்டியில் சென்ற கதையை முழுவதும் சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். முழுவதையும் சொல்ல அரைமணி நேரம் போதாது. போதுமென்றாலும் சொல்லத்தக்கவை அவ்வளவு இல்லை. மிதித்தோம், வியர்த்தோம், தண்ணீர் குடித்தோம், மீண்டும் மிதித்தோம் என்பதை நாளுக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டு போனால் முன்வரிசையிலிருக்கும் பெரியோர்கள் கண்ணயர்ந்துவிடுவார்கள். கோணேசர் கோயிலின் முன்னும் ஆனையிறவிலும் பிடித்த படங்களைக் கூட்டம் முடிந்ததும் காட்டுவோம். இப்போது முதல் நாளை மட்டும் சொல்ல அனுமதி தாருங்கள். அந்த நாளில் நாங்கள் செய்யத்தகாத ஒன்றைச் செய்தோம். அதற்குப் படம் இல்லை.

எங்கள் ஐவரின் பெயரும் உங்களுக்குத் தெரியும். ஆகையால் தொழிலைச் சொல்லியே குறிப்பிடுகின்றோம். ஒருவர் தலைவர், வரைபடமும் நேர அட்டவணையும் அவர் கையில். ஒருவர் கணக்கு. ஒருவர் படம் பிடிப்பவர். ஒருவர் வண்டி திருத்தத் தெரிந்தவர் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டவர். பம்பும், ஒட்டுப் போடும் பெட்டியும், சாவிகளும் அவருடைய பையில் இருந்தன. ஐந்தாமவர் எல்லாருக்கும் இளையவர். இளையவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சோற்றுச் சட்டியும் ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் அவருடைய கரியரில் ஏறின. அதைப் பற்றி அப்போது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. வீட்டிலே கடைக்குட்டியைக் கடைக்கு அனுப்புவது போல அது தானாக நடந்தது.

கைத்தொலைபேசி ஐந்தும் இருந்தன. மின்னூட்டத்தைச் சேமிக்க வேண்டுமென்று தலைவருடையதை மாத்திரம் திறந்து வைத்து, மற்ற நான்கையும் நீர் புகாத பையொன்றிற் கட்டிப் படம் பிடிப்பவரிடம் கொடுத்திருந்தோம். மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று அப்போது எண்ணிக்கொண்டோம்.

வைகாசி மாதக் கடைசியில் ஒரு நாள் அதிகாலை நாலரை மணிக்குக் கல்லடியிலிருந்து புறப்பட்டோம். அடிகளார் விபுலாநந்தர் 1947ஆம் ஆண்டு முதல் துயில்கின்ற இடத்தில் வணங்கிவிட்டே வண்டியேறினோம். மிஷன் பாடசாலையிற் படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று எங்களைக் கேலி செய்யும் பெரியவர் ஒருவர் இச்சபையில் இருக்கின்றார். அடிகளாரும் மட்டக்களப்பில் மிஷன் பாடசாலையிற் படித்தவர்தான் என்பதை அவருக்கு அன்புடன் நினைவூட்டுகின்றோம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலத்தால் வாவியைக் கடந்தோம். பாடும் மீன்கள் அன்று பாடவில்லை; அல்லது எங்கள் செயின்களின் சத்தத்தில் அது கேட்கவில்லை.

ஏறாவூரில் சுபஹு தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள். பேக்கரியில் சூடான பாண் மணம். பதுளை வீதி வந்து சேருகின்ற செங்கலடிச் சந்தியை இருளோடு தாண்டினோம். வந்தாறுமூலையில் எங்கள் பல்கலைக்கழக வாயிலில் காவலாளி லைற் அடித்துப் பார்த்து, “விடுதிக்கு இந்நேரமா வாறீங்க?” என்று கேட்டார். 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான அந்த வளாகத்தை அவ்வளவு காலையில் நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சித்தாண்டியில் விடிந்தது. கிரானைக் கடக்கும்போது கச்சான் காற்று மெல்ல எழும்பத் தொடங்கியது.

வாழைச்சேனையை ஏழேகாலுக்கு அடைந்தோம். இங்கே 1950களில் எழுந்த கடதாசி ஆலையைப் பற்றிப் பெரியோர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வயல்களில் எரித்துவிடுகின்ற வைக்கோலைக் கடதாசியாக்கிய ஆலை அது. எங்கள் தகப்பன்மார் கணக்குச் செய்த கொப்பிகள் அந்த வைக்கோலிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று கணக்கு நண்பர் சொன்னார். கணக்கில் நாட்டம் உள்ளவர் அப்படித்தான் சொல்லுவார்.

ஓட்டமாவடியில் ஒரு தேநீர்க் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். கடைக்கார நானா எங்கள் வண்டிகளைச் சுற்றி வந்து ஒவ்வொன்றின் ரயரையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். இளையவருடைய பின் ரயரில் அவருடைய விரல் சற்று நேரம் நின்றது.

“தம்பி, இதுக்குப் பாரம் கூட. காத்தும் காணாது” என்றார்.

“வாகரையில் பார்த்துக்கொள்வோம் நானா” என்றார் தலைவர்.

“நாவலடி தாண்டினால் கடை கண்ணி இல்ல. தண்ணி எடுத்துக்குங்க. ஒண்டாப் போங்க, ஆனை நிக்கும்.”

தண்ணீர் எடுத்துக்கொண்டோம். மற்ற இரண்டையும் கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஓட்டமாவடிப் பழைய பாலத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லுவார்கள். ரயிலும் மோட்டார் வாகனங்களும் முறை வைத்து ஒரே பாலத்தால் போன காலம் அது. வாகனங்களுக்கு இப்போது தனிப் பாலம் உண்டு. அதனிலும் பெரிய மாற்றம் அப்பால் இருக்கின்றது. முன்னர் மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குப் போவதென்றால், நாம் ‘பாதை’ என்று அழைக்கின்ற மிதவைகளில் ஏறி ஏறி இறங்க வேண்டும். ஒரு துறையில் பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்திருக்க வேண்டியதுதான். 2009ஆம் ஆண்டு ஐப்பசியில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்துவிட்டன. ஒரே நாளில் திருகோணமலையை அடையலாம் என்று எங்கள் தலைவர் அட்டவணை போட்டதற்கு இந்தப் பாலங்களே காரணம். காத்திருக்க வேண்டிய இடம் வழியில் ஒன்றுமில்லை என்பது அட்டவணையின் அடிப்படை.

நாவலடிச் சந்தியில் இடப்பக்கம் பொலன்னறுவை வீதி பிரிகின்றது; வலப்பக்கம் எங்கள் வீதி. அங்கே ஐவரும் நின்று தண்ணீர் குடித்தோம். நேரம் எட்டு இருபது. ஐவரும் ஒன்றாக நின்றது நண்பகலுக்கு முன் அதுவே கடைசித் தடவை.

அதன் பின் வீதி நேராகவும் நல்லதாகவும் இருந்தது. இருபுறமும் பற்றைக் காடு. இடையிடையே மரமுந்திரிகை. காற்று இடப்பக்கமாக வந்து தள்ளியது. அப்படிப்பட்ட வீதியில் உடம்பில் வலுவுள்ளவனுக்கு ஒரு மயக்கம் பிடிக்கும். முன்னால் போகின்றவரின் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தால் காற்றின் தடை குறைகின்றது, வேகம் கூடுகின்றது, கூடக் கூட இன்னும் கூட்ட வேண்டுமென்று ஆசை எழுகின்றது. நாங்கள் நால்வரும் முறை மாறி முன்னால் போனோம். மாங்கேணிக்கு முன்னரே இளையவர் பின்தங்கிவிட்டார். படம் பிடிப்பவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் அவர் சிறிதாகத் தெரிந்தார். “வருகிறான்” என்றார். அடுத்த முறை திரும்பியபோது தெரியவில்லை. அப்போதும் “வருவான்” என்றோம்.

காயான்கேணிக்கு அருகில் ஒரு பெரிய மரத்தின் கீழ் முப்பது பேர் வரையில் உட்கார்ந்திருந்தார்கள். காவி வேட்டிகள், துணி மூட்டைகள், மரத்திற் சாய்த்து வைத்த ஒரு வேல். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகின்ற யாத்திரைக் கூட்டம். அவர்கள் முல்லைத்தீவும் திருகோணமலையும் தாண்டித் தெற்கே நடக்கின்றார்கள். நாங்கள் வடக்கே போகின்றோம். கும்பிடுவதற்காக இறங்கினோம். வயதான ஓர் அம்மா திருநீறு பூசிவிட்டார். அவருடைய பாதங்களில் துணி சுற்றியிருந்தது.

“எங்கை மோனை போறியள்?”

“யாழ்ப்பாணம், அம்மா.”

“அட, நாங்கள் வந்த பாதையாலை. எத்தினை பேர் வந்தனீங்கள்?”

“ஐந்து பேர், அம்மா. பஞ்சபாண்டவர்கள்” என்றோம். புறப்பட்ட நேரம் முதல் எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்த பகிடி அது.

அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “நாலு பேரைத்தானே காணுறன்?”

“மற்றவர் பின்னால் வருகிறார்.”

“கண்ணுக்குத் தெரியுற தூரத்திலையோ?”

அதற்கு நாங்கள் மறுமொழி சொன்னதாக நினைவில்லை. அந்தக் கூட்டத்திலே ஒரு வழக்கம் இருப்பதைப் பின்னர் அறிந்தோம். கால் நோகின்றவர் எவரோ, அவருடைய நடைக்கே எல்லாரும் நடப்பார்களாம். அதனாலேயே அன்று ஒன்பதரைக்கு முன்னரே மரத்தடியில் இறங்கியிருந்தார்கள். எங்களுக்கு அப்போது அது தெரியாது. ‘இந்த வேகத்தில் போனால் எப்போது கதிர்காமம் போய்ச் சேருவார்கள்?’ என்று எங்களில் ஒருவர் சொன்னார். யார் என்று சொல்லப் போவதில்லை. நால்வரும் சொன்னதாகவே கொள்ளுங்கள்.

பனிச்சங்கேணிப் பாலத்தில் களப்பு வெயிலில் வெள்ளித் தகடு போலக் கிடந்தது. அங்கே இரண்டு படம் எடுத்தோம். பத்தேகாலுக்கு வாகரையில் ஒரு கடை முன்னால் வண்டிகளைச் சாத்தினோம். அட்டவணையில் பத்தரை என்று இருந்தது. கால் மணி நேரம் இலாபம்! ஆளுக்கு ஒரு சோடா குடித்தோம்.

பத்தரையாகியது. பத்தே முக்காலாகியது. இளையவரைக் காணவில்லை.

இந்த இடத்தை விரைவாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பேச்சை எழுதும்போது நினைத்தோம். ஆயினும் இதற்காகவே மேடையேறினோம். ஆகையால் உள்ளபடி சொல்லுகின்றோம். முதற் கால்மணியில் எங்களுக்கு வந்தது கவலை அல்ல, கோபம். மெதுவாக வருகின்றார் என்று ஒருவர் சொன்னார். வழியில் எங்காவது படுத்திருப்பார் என்று ஒருவர் சொன்னார். பயிற்சி செய்யாமல் வந்தவரைச் சேர்த்திருக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார். அவருடைய கரியரில் எங்கள் ஐவருக்குமான அரிசி இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு, திரும்பிப் போய்ப் பார்ப்போமா என்று கணக்கு நண்பர் கேட்டார். திரும்பிப் போனால் போகவும் வரவும் எவ்வளவு நேரம், அதன் பின் மூதூருக்கு எத்தனை மணி, கிண்ணியாவுக்கு எத்தனை மணி என்று தலைவர் அட்டவணையை விரித்தார். வாக்கெடுப்பு நடந்தது. இரண்டுக்கு இரண்டு. ஆகையால் இருந்த இடத்திலேயே இருந்தோம். வாக்குகள் சமமானால் மனிதர் சும்மா இருப்பதற்கு அது நல்ல சாட்டு.

எங்கள் பாடசாலையில் சமய பாட வேளையில், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். கேட்டது மாத்திரமல்ல; பரீட்சையில் விளக்கி எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கின்றோம். அந்த மேய்ப்பன் வாக்கெடுப்பு நடத்தியதாக எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

கடையிலிருந்த அம்மாவே எங்களை எழுப்பினார். போத்தல்களை எடுக்க வந்தவர், “ஒரு ஆள் வரல்ல எண்டு கதைச்சிங்களே, அந்த றோட்டில ஆனை எண்டு தெரியாதா மனே?” என்று கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. வாகரையிலே 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் தேதி கடல் வந்து போனது. 2006இலும் 2007 தொடக்கத்திலும் யுத்தத்தில் ஊரே எழுந்து அந்த வீதியாலும் காட்டாலும் நடந்து போனது. வரவேண்டிய ஆள் வராமல் இருப்பதென்றால் என்னவென்று அந்த அம்மாவுக்கு எங்களிலும் பார்க்க நன்றாகத் தெரிந்திருக்கும். எங்கள் முகத்தை அவர் பார்க்கவுமில்லை. போத்தல்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதினொன்றரைக்கு நால்வரும் திரும்பினோம். அவரவர் வண்டியில், ஒருவரோடொருவர் பேசாமல். பனிச்சங்கேணிப் பாலத்தின் தென்பக்கத்தில் அவரைக் கண்டோம். வண்டியில் ஏறித்தான் வந்துகொண்டிருந்தார். ஆனால் பின் சக்கரம் நொண்டி மாடு போல ஏறி இறங்கி வந்தது. சட்டை முழுவதும் வியர்வை. கையில் கறுப்பு மை. எங்களைக் கண்டதும் காலை ஊன்றி நின்றார். அவர் என்ன சொல்லுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தோம். திட்டினால் திட்டட்டும் என்று தயாராக இருந்தோம். அவர் எங்களை எண்ணினார். உண்மையாகவே விரலை நீட்டி எண்ணினார். பின்பு கேட்டார்:

“ஆருக்கு என்ன நடந்தது? ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை?”

எங்களில் எவருக்கோ விபத்து நேர்ந்துவிட்டது என்று அவர் எண்ணியிருந்தார். இல்லாவிட்டால் நாங்கள் திரும்பி வந்திருப்போம் என்பது அவருடைய கணக்கு. அந்த எண்ணத்தோடுதான் வெயிலில் வண்டியை உருட்டிக்கொண்டு விரைந்து நடந்திருக்கின்றார். சோடா குடித்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அன்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் வவுனியாவிலேதான் சொன்னோம்.

நடந்தது இதுதான். மாங்கேணி தாண்டியதும் அவருடைய பின் ரயரில் சூரை முள் ஏறிவிட்டது. பம்பும் ஒட்டுப் பெட்டியும் எங்களோடு, தொலைபேசியும் எங்களோடு. கூப்பிட்டுப் பார்த்தார், காற்று மறுபக்கம். காற்றில்லாத சக்கரத்தில் ஏறினால் றிம் நெளிந்துவிடும் என்று உருட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு மோட்டார்ச் சைக்கிள்காரர் நின்று கேட்டார்கள். அவர்களிடமும் பம்பு இல்லை. காயான்கேணி மரத்தடியில் யாத்திரைக் கூட்டம் இவரைக் கண்டதும், துணி சுற்றிய கால்களோடு அந்த அம்மா எழுந்து வீதிக்கு வந்தாராம். “நீதானே மோனை அஞ்சாவது?” என்று கேட்டாராம். அவர்கள் இவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி கொடுத்து இருத்தினார்கள்.

அந்தக் கூட்டத்தில் இளைப்பாறிய தபாற்காரர் ஒருவர் இருந்தார். முப்பது வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். அவர் வண்டியைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். ரயரைக் கிளப்பச் சாவி இல்லை. சமையற் பையில் இருந்த இரண்டு கரண்டிகளின் காம்புகளாற் கிளப்பினார்கள். ரியூப்பை வெளியில் எடுத்துவிட்டு, காய்ந்த புல்லைக் கயிறு போல் முறுக்கி ரயருக்குள் இடைவெளி இல்லாமல் அடைத்தார்கள். யாத்திரைக்காரர் பத்துப் பேர் புல்லுப் பிடுங்கினார்களாம். அடைத்து முடிந்ததும் தபாற்காரர் ஏறி அமர்ந்து பார்த்து, “ஓடு, துள்ளாமல் ஓடு, வாகரையிலே கழற்றிவிடு” என்று அனுப்பினார்.

பெல்பாஸ்ற் நகரில் டன்லப் என்ற மிருக வைத்தியர் தம்முடைய சிறு மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்தார் என்று படித்திருக்கின்றோம். அதற்கு முன் உலகம் கெட்டி ரப்பரிலும் இரும்பு வளையத்திலும் குலுங்கி ஓடியது. காற்று என்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அன்று இளையவருடைய முதுகுக்குத் தெரிந்தது.

வாகரைக்கு ஐவராக வந்தோம். இளையவர் எங்கள் தலைவருடைய வண்டியில். தலைவர் புல்லு வண்டியில். இதை அவர் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்குப் பின்னால் மர நிழலில் சைக்கிள் திருத்துகின்ற பெரியவர் ஒருவர் இருந்தார். ரயரைப் பிரித்ததும் புல் வெளியே விழுந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஆரு மனே இத அடைச்ச?”

“கதிர்காமம் போகிற ஐயா ஒருவர்.”

“நல்லா அடைச்சிருக்கார். ரியூப் கிடைக்காத காலத்தில நாங்களும் இப்பிடித்தான். வைக்கல் இதிலயும் நல்லம்.”

ரியூப்பில் கொஞ்சம் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தினார். குமிழி இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று முள். மற்றது பழைய ஒட்டு, சோல்யூசன் விட்டுப் போனது. ஓட்டமாவடி நானாவின் விரல் கண்டுபிடித்தது அதுவாகத்தான் இருக்கும். தேய்த்து, பூசி, காய விட்டு, இரண்டு ஒட்டுப் போட்டார். பின்பு சக்கரத்தைச் சுழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் றிம்மின் நெளிவை எடுத்தார். எங்கள் திருத்துநர் அருகில் குந்தியிருந்து பார்த்தார். தமக்குத் தெரிந்தது ஒட்டுப் பெட்டியைச் சுமப்பது மாத்திரமே என்று பின்னர் அவரே சொன்னார். கூலி கேட்டபோது ஒட்டுக்கு மாத்திரம் வாங்கினார். நெளிவு எடுத்ததற்குக் காசு வேண்டாம், அந்த ஐயா புல் அடைத்ததில் றிம் தப்பியது, இல்லாவிட்டால் தன்னாலும் எடுத்திருக்க முடியாது என்றார்.

இரண்டு மணி கடந்துவிட்டது. வாகரையில் சோறு சாப்பிட்டு, சாமான்களைக் கரியர்களில் மாற்றிக் கட்டினோம். சட்டி தலைவருக்கு, அரிசி கணக்குக்கு, பருப்பு படம் பிடிப்பவருக்கு. இளையவர் வேண்டாமென்று மறித்தார். அவருடைய பேச்சை அன்று முழுவதும் கேட்காத நாங்கள் இதிலும் கேட்கவில்லை. பம்பு இளையவரிடம் போனது. போகும் ஒழுங்கும் மாறியது: இளையவர் முன்னால், திருத்துநர் கடைசியில்.

கதிரவெளி வரை அப்படியே ஓடினோம். முன்னால் போகின்றவர் மெதுவானால் பின்னாலிருப்பவர்களுக்குக் கால் கூசும். முதல் ஒரு மணி நேரம் எங்களுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. பின்பு ஒரு புதுமையைக் கண்டோம். காலையில் ஓடிய வீதியில் நாங்கள் கண்டது முன்னால் போனவரின் பின் சக்கரம் மட்டுமே. பிற்பகலில் கடலைக் கண்டோம். தோணிகளை இழுக்கின்றவர்களைக் கண்டோம். ஒரு வளவிலே பிள்ளைகள் எங்களை எண்ணிச் சத்தம் போட்டார்கள்: “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு!” அந்த ‘அஞ்சு’ எங்கள் காதுக்கு மிகவும் இனிமையாக இருந்தது.

வெருகலை அடையும்போது சூரியன் சாய்ந்துவிட்டான். மகாவலியின் ஒரு கிளை அங்கே வெருகல் ஆறாக வந்து கடலோடு சேருகின்றது. 335 கிலோமீற்றர் ஓடி வருகின்ற ஆற்றின் கடைசித் துண்டு, அவசரமில்லாத தண்ணீர். சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடித்தது. கால் கழுவிக் கும்பிட்டோம். திட்டத்தில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தோம். திருகோணமலை எட்டாத் தொலைவிலிருந்தது.

அப்போதும் எங்கள் தலைவருக்கு ஒரு சபலம். லைற் இருக்கிறது, மூதூர் வரையாவது போய்விடலாமா என்று கேட்டார். கோயில் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, “சேருநுவரப் பக்கம் இரவில ஆனை றோட்டில நிக்கும் தம்பி. உங்களுக்கு அவசரமெண்டால் போங்க, ஆனைக்கு அவசரம் இல்ல” என்றார். தலைவர் அட்டவணையை எடுத்தார். மடித்தார். அதற்குப் பின் யாழ்ப்பாணம் போய்ச் சேரும் வரை அது வெளியில் வரவில்லை.

மடத்தில் தங்க இடம் கிடைத்தது. கல் வைத்து அடுப்பு மூட்டிச் சோறும் பருப்பும் சமைத்தோம். இளையவர் சமைக்க எழுந்தார், இருத்திவிட்டோம். சோறு அடிப்பிடித்தது. அவர் சாப்பிட்டுப் பார்த்து, சட்டியைத் தன்னிடமே திருப்பித் தரும்படி கேட்டார். அன்றைய நாளில் அவர் எங்களைக் கண்டித்துச் சொன்ன சொல் அது ஒன்றுதான். சட்டி அடுத்த நாளும் தலைவருடைய கரியரிலேயே போனது. சமையல் மட்டும் இளையவரிடம் திரும்பியது.

படுக்கப் போகும்போது மணி எட்டரை இருக்கும். தலைவர் எழுந்து இளையவரிடம் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது அவர்கள் இருவருக்கும் உரியது. மற்ற மூவரும் தூங்குவது போலக் கிடந்தோம். யாத்திரைக் கூட்டம் அந்த இரவு எங்கே தங்கியிருக்கும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். வாழைச்சேனை போயிருக்க மாட்டார்கள், அந்த அம்மாவின் காலுக்கு அது கூட என்று இளையவர் சொன்னார். அவர் தூங்கவில்லை என்பது அப்போது தெரிந்தது.

சபையோர்களே, இளையவர் இன்று மூன்றாம் வரிசையில் இருக்கின்றார். இந்தப் பேச்சை அவரே ஆற்ற வேண்டுமென்று கேட்டோம். தமக்கு நடந்ததில் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று மறுத்துவிட்டார். எழுதியதை நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினோம். சோடாவைப் பற்றிய பகுதியை எடுத்துவிடலாம் என்றார். எடுக்கவில்லை.

முடிவாக ஒரு விண்ணப்பம். சங்கத்துக்குச் சொந்தமான பம்பு ஒன்றுதான். அதைத் துடைத்து எண்ணெய் பூசித் தனாதிகாரி அவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். வருகின்ற ஆண்டு பொத்துவில் வழியாகத் தெற்கே ஒரு சுற்றுலாவுக்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கின்றார்கள். அவர்களுக்காக இரண்டாவது பம்பு ஒன்றும், ஒட்டுப் பெட்டி ஒன்றும், ரயர் கிளப்பும் சாவி ஒரு சோடியும் வாங்கத் தொகை ஒதுக்குமாறும், அவற்றைக் கடைசியில் வருகின்றவரிடமே கொடுப்பதென்று குறிப்பேட்டில் எழுதி வைக்குமாறும் நிர்வாக சபையைக் கேட்டு அமர்கின்றோம்.